கங்காணி வீட்டுக் கொய்யா

பதுளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவள் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க கொய்யாமரத்துல மாவுப்பூச்சி புடிச்ச கொப்ப ஒடிச்சு, கங்காணி வீட்டுக் கொய்யாவுல கட்டிவிட்டேன்டி. கொழுந்து பறிக்கையில வெரட்டி வேல வாங்குற அந்தாளு மேல அம்புட்டுக் கடுப்பு. ஆனா நான் விட்ட பூச்சி பூராவும் செத்துப்போச்சு."

"மருந்து அடிச்சிருப்பாரு."

"காசு போட்டா? அவரா? அவரு மரத்துல முன்னமே இருந்த பூச்சி கொழுகொழுன்னுதான் இருக்கு. அதக் கொண்டாந்து எங்க மரத்துல விட்டுப் பாத்தேன். அதுவும் செத்துப்போச்சு."

"ரெண்டும் கொய்யாதானே?"

"கொய்யாதான். பாட்டன் பூட்டன் காலத்துலருந்து ஒரே மரத்தத் தின்னு தின்னு, அந்த மரத்துக்குன்னே பொறக்குது போல. பக்கத்து மரம்கூட ஒத்துக்கல."

மற்றவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப இந்தியாவுக்கே திரும்பிப் போயிர்றோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, அங்க போயி என்னத்தடி பண்ணுவீங்க?"

"அங்கயும் தேயிலத் தோட்டந்தானாம். இதே தேயிலதானாம்."

"அதான் கேக்குறேன்."

ஜன்னலோரத்தவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"கங்காணியும் எழுதிக் குடுத்திருக்காருல்ல? மொதல்ல அவரக் கொண்டுபோய் விடட்டும். பொழைக்கிறாரான்னு பாத்துட்டு நாங்க கெளம்புறோம்."