குருவி வால் பிடித்த வழக்கு

— அது கெடக்கட்டும். கம்பிய எங்க போட்ட?

— எந்தக் கம்பி மேடம்?

— தென்னரசு எழுதிக் குடுத்திருக்காரு, கேளு. “மூன்றடி நீள இரும்புக் கம்பியால் என் தோளில் தாக்கினாள்.” மாஜி வார்டு மெம்பரு. காரை எலும்பு முறிஞ்சு, கட்டு போட்டுக்கினு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு.

— காலையில வேலைக்குப் போறவ கையில கம்பி எதுக்கு மேடம்? பையில சாப்பாட்டு டப்பாவும் குடையும்தான் இருந்துச்சு.

— குடையா? எழுதிக்கட்டுமா?

— மடக்கு குடை மேடம். அதுவும் பைக்குள்ள.

— பேரு புனிதா. வயசு முப்பத்தாறு. எடை?

— எடையெல்லாம் கூடக் கேப்பீங்களா? நாப்பத்தெட்டு.

— அவரு தொண்ணூத்தஞ்சு. இன்ஸ்பெக்டர் ஐயா விழுப்புரத்துல மீட்டிங் முடிச்சுட்டு ஆறு மணிக்கு வருவாரு. மொதல்ல இதத்தான் கேப்பாரு. கம்பி இல்லாம எப்படி வுழுந்தாருன்னு. கம்பின்னா ஆயுதம். ஆயுதம்னா ரிமாண்டு. புரியுதா?

— ஜெயிலா? ஐயோ, வேல போயிடுமே மேடம். எம்பொண்ணு ப்ளஸ் டூ படிக்கறா.

— அழாத. கூட்ரோடு டீக்கடை கேமரா ரிப்பேரு, அதுல ஒண்ணும் கெடைக்கல. நீ சொல்றதுதான் இருக்கு. நடந்தத மட்டும் சொல்லு.

— திண்டிவனத்துல பாண்டி பஸ் ஏறினேன். பின்னாலயே நின்னு இடிச்சுக்கினே வந்தாரு. நகந்தேன். அவரும் நகந்தாரு. பேஜாரா பூடுச்சு, அடுத்த பஸ்ல போவலாம்னு கூட்ரோடுல எறங்கிட்டேன். அவரும் எறங்கினாரு. “இன்னாடி மொறைக்கற”ன்னு கையப் புடிச்சு இழுத்தாரு. நானும் போனேன்.

— எங்க போன?

— இழுத்த பக்கம்.

— ஏன் போன?

— நாம எதுத்து இழுப்போம்னுதான மேடம் இழுக்கறவங்க பலம் போடறாங்க. கூடவே போயிட்டா அந்தப் பலமே அவங்களப் பின்னால சாச்சிடும். அவரு குதிகால்ல சாஞ்சாரு. கோவம் வந்து முன்னால பாஞ்சாரு. நான் இடுப்பத் திருப்பி வழி உட்டேன். வெள்ளரிக்கா வண்டி மேல போயி வுழுந்தாரு. அவ்ளோதான் மேடம்.

— அவ்ளோதானா! இதெல்லாம் எங்க கத்துக்கின?

— கத்துக்கல மேடம். குயிலாப்பாளையத்தாண்ட ஆரோவில்காரங்க ஒரு ஹாலு வெச்சிருக்காங்க. தாய் சீன்னு சீனாக்காரங்க பயிற்சி. நான் அங்க தரை தொடைக்கறேன். ரெண்டு ரெண்டு பேரா நின்னு, கையோட கை ஒட்டிக்கினு, தள்ளிப் பழகுவாங்க. ஒத்தப்படையா ஆளு வந்துட்டா “புனிதா, வா”ம்பாங்க. மாப்ப செவுத்துல சாச்சிட்டுப் போயி நிப்பேன். எட்டு வருஷமா தள்ளு வாங்கிக்கினு இருக்கேன்.

— தாய் சீயா? வீடியோல பாத்திருக்கேன். தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி இருக்கும். அதுல எலும்பு முறியுமா?

— பழகறதுதான் மெதுவா மேடம். வர்ற ஆளு வேகமா வந்தா, அதுவும் வேகமாத்தான் நடக்கும்.

— நீ அவருக்குப் பண்ணதுக்கு ஒரு பேரு இருக்குமில்ல? சொல்லு, எழுதணும்.

— குருவி வாலப் புடிக்கறது.

— வெளையாடறியா?

— சத்தியமா மேடம். அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அதுக்குள்ள நாலு இருக்கு. ஏந்தறது, உருட்டி உடறது, அமுக்கறது, தள்ளறது. நான் ரெண்டாவதோட நின்னுட்டேன்.

— மிச்ச ரெண்டும் பண்ணியிருந்தா?

— வண்டிக்காரம்மாவும் வந்து கேஸு குடுத்திருக்கும்.

— சிரிக்கற எடமா இது? எழுந்திரு. செஞ்சு காட்டு. நான்தான் தென்னரசு.

— உங்களயா? யூனிஃபார்ம்ல இருக்கீங்களே மேடம்.

— கம்பி இல்லன்னு ஏட்டு காந்திமதி எழுதணும்னா, ஏட்டு காந்திமதி கண்ணால பாக்கணும். வா இப்படி.

— சரி மேடம். மொதல்ல ஏந்தறது. என் கை வளைஞ்சு இருக்கு பாருங்க, ஒரு பெரிய பந்து மேல சாச்ச மாதிரி. உங்க கை இது மேல வந்து ஒக்காருது. நான் எதுக்கறதும் இல்ல, தொவண்டு போறதும் இல்ல. ஒரு கொய்யாக்கா கனம்தான் இருக்கணும். கையே காது மாதிரி கேட்டுக்கினு இருக்கும், நீங்க எந்தப் பக்கம் வரப்போறீங்கன்னு. இப்ப உங்க மணிக்கட்டுல லேசா...

— ஆ!

— ஐயோ, நான் புடிக்கவே இல்லியே மேடம்!

— ஒண்ணுமில்ல. பரேடுல வுழுந்த சுளுக்கு. அந்தக் கைய உடு. இந்தக் கையில பண்ணு.

— சுளுக்கு மாதிரி இல்லியே மேடம். சுத்தி வரவும் வீங்கியிருக்கு, வளையல் போட்ட கணக்கா.

— உன்ன டாக்டர் வேலைக்குக் கூப்புடல. மேல சொல்லு.

— சரி மேடம். இழுங்க. நல்லா இழுங்க. நான் வந்துட்டேனா? உங்களுக்குப் பின்னால சாயுதா? இப்ப என் மேல பாயுங்க. என்னோட இந்தக் கை உங்க முழங்கை மேல. இடுப்பு திரும்புது... மேசையப் புடிச்சுக்கங்க மேடம், மேசைய!

— நீ தள்ளவே இல்லியே.

— தள்ளல. நீங்க வந்தீங்க, நான் அங்க இல்ல. அவ்ளோதான்.

— ம். எக்ஸ்ரேல எலும்பு முறிஞ்சிருக்கு, தோலு மேல கம்பி பட்ட தடம் இல்லன்னு டாக்டர் எழுதியிருக்காரு. இப்பத்தான் புரியுது. சரி, பின்னால செவுரு இருந்தா?

— கூட்ரோடுல ஏது மேடம் செவுரு?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— செவுரு இருந்தா பின்வாங்கக் கூடாது. நின்ன எடத்துலயே பக்கவாட்டுல திரும்பணும். வர்ற கைய அது போற வழிக்கே கூட்டிக்கினு போயி செவுத்துல உட்டுடணும்.

— முடியப் புடிச்சா?

— அவரு முடியப் புடிக்கல மேடம்.

— புடிச்சா?

— பிச்சுக்கினு ஓடப் பாத்தா வலி நமக்குத்தான். புடிச்ச கைய நம்ம ரெண்டு கையாலயும் தலையோட அமுக்கிக்கினு, அந்தப் பக்கமே குனிஞ்சு திரும்பணும். அவங்க மணிக்கட்டு தாங்காது.

— குடிச்சிருந்தா?

— காலையில எட்டு மணி மேடம். வாட ஒண்ணும் வரல.

— பொதுவாக் கேக்கறேன்.

— குடிச்சவங்க பாரம் பூரா முன்னால வந்துடும், ஜல்தியா வுழுவாங்க. ஆனா எழுந்து வர்றப்போ ரெண்டு பங்கு கோவத்தோட வருவாங்க. அதுக்குள்ள நாம வாசலத் தாண்டியிருக்கணும் மேடம்.

— ம்.

— தண்ணி குடிக்கறீங்களா மேடம்? வேர்க்குது உங்களுக்கு.

— வேணாம். ஏன் அன்னிக்கே வந்து கம்ப்ளெயின்ட் குடுக்கல நீ?

— கூச்சமா இருந்துச்சு. இங்க வந்தா, அவர உட்டுட்டு என்னத்தான் கேள்வி கேப்பாங்கன்னு பயம்.

— பொம்பளைங்க எல்லாரும் இப்படியே வாய மூடிக்கினு இருந்தா வெளிய எப்படித் தெரியும்? போலீசு என்ன ஜோசியமா பாக்க முடியும்?

— ஆமா மேடம். தப்புதான்.

— உக்காரு. எழுதியாச்சு, படிக்கறேன். “பேருந்தில் என்னிடம் தவறாக நடந்துகொண்ட மேற்படி தென்னரசு, கூட்ரோட்டில் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் எதிர்க்காமல் விலகினேன். அவர் தன் வேகத்தில் தானே வெள்ளரிக்காய் வண்டியின்மீது விழுந்தார். என்னிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அருகில் நின்ற வண்டிக்காரப் பெண் சின்னபொண்ணுவை விசாரித்தால் இது தெரியும்.”

— குருவி வரலியே மேடம்.

— குருவிய எடுத்துட்டேன். கோர்ட்டுல வக்கீலு அதப் புடிச்சுக்கினு ஒரு வருஷம் ஆடுவாரு. இந்தா, இது தனி பேப்பரு. அவரு மேல நீ குடுக்கற கம்ப்ளெயின்ட். ரெண்டுலயும் கையெழுத்துப் போடு.

— ஜெயிலு?

— ஆயுதம் இல்லன்னா ரிமாண்டுக்கு வேல இல்ல. இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட நான் பேசிக்கறேன்.

— நீங்க நல்லா இருக்கணும் மேடம். கையெழுத்துப் போட்டுட்டேன். அப்ப நான் வர்றேன், நாலு மணி பஸ்ஸு...

— அடுத்த பஸ்ல போவலாம். அந்தக் கதவச் சாத்திட்டு வா.

— இன்னா மேடம்? இன்னும் எதனா எழுதணுமா?

— எழுதறதுக்கு ஒண்ணுமில்ல. அந்த உருட்டி உடறத இன்னொரு வாட்டி மெதுவாக் காட்டு. எங்க வூட்டுக்காரருக்கு எடது கைப் பழக்கம்.