தெற்குப் பார்த்த குடா

தீவுகளைச் சுற்ற அக்டோபரைப் போல நல்ல மாதம் கிடையாது என்று படகு எடுக்க வருகிற எல்லோரிடமும் சொல்வேன். தண்ணீரில் ஆகஸ்டின் சூடு மிச்சம் இருக்கும். உணவகத்தில் இடத்துக்குக் காத்து நிற்க வேண்டாம். கடைக்காரர்களும் அலுப்பு தீர்ந்து, வந்தவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். லாவ்ரியோ துறைமுகத்தில் பத்தொன்பது வருஷமாக என் வேலை இதுதான். பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு எந்த நாள் எந்தத் தீவு, எங்கே நங்கூரம், எங்கே நல்ல மீன் என்று எழுதிக் கொடுப்பேன். நான் எழுதிக் கொடுத்த பயணத்தில் இதற்கு முன் ஒருவருக்குக் கால்கூடச் சுளுக்கியதில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் நடுவில் படகு வேண்டுமென்று சரந்திஸ் குடும்பம் செப்டம்பர் இரண்டாம் வாரம் வந்தது. அவனை வாசலிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முடி போயிருந்தது, உடம்பு பருத்திருந்தது, ஆனால் இடது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு நடக்கிற பழக்கம் போகவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. எனக்குத் தலை நரைத்துவிட்டது. எவந்தியா என்ற என் பேருக்குப் பின்னால் இப்போது இருப்பது என் கணவரின் குடும்பப் பேர்.

என் தம்பி நிகிதாஸ் அவன் படகில் வேலை பார்த்தான். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரியில், கேயா தீவில் நின்ற படகை அன்றைக்கே லாவ்ரியோவுக்குக் கொண்டுவரச் சொன்னான் சரந்திஸ். தென்காற்று ஏறிக்கொண்டிருந்தது. தம்பி வானொலியில் இவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். "ஒண்ணும் ஆகாது, கெளம்பி வாடா" என்றிருக்கிறான் இவன். பக்கத்தில் நின்ற மீனவர்கள் காதில் விழுந்தது. நான்காம் நாள் தம்பி ஒரு வலையில் வந்தான். விசாரணையில், "வேணாம்னுதான் சொன்னேன், சின்ன வயசு, கேக்கல" என்று சொல்லிவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனான் சரந்திஸ். மீனவர்களுக்கு அன்று எல்லாம் மறந்துவிட்டது.

அம்மா போன பிறகு நிகிதாஸை வளர்த்தவள் நான். அவன் சொன்னால் கேட்கிற பிள்ளை. அதனால்தான் போனான்.

அதற்குப் பிறகு சரந்திஸ் கடலை விட்டுவிட்டு, லாரிசாவில் கூரை ஓடும் தண்ணீர்க் குழாயும் விற்கிற கடை வைத்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். இப்போது மகள் மிர்தோவுக்குப் படகோட்ட உரிமம் கிடைத்திருந்தது. இருபத்துநாலு வயது. பெற்றவர்களை அவள்தான் கடலுக்கு அழைத்துப் போகிறாள்.

"அப்பா எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா கடல்ல கால் நனச்சதில்ல, எவந்தியாம்மா. இந்தத் தடவை விடறதா இல்ல."

"குளிக்கத் தண்ணி மொண்டு ஊத்திக்கவே யோசிக்கிற மனுஷன்" என்றாள் அவன் மனைவி அரெதி. "இவரக் கப்பலேத்தப் போறாளாம்."

அவன் சிரிக்கவில்லை.

யாரும் வராத இடமாக ஒன்று வேண்டும், மூன்று பேர் மட்டும் இருக்கிற மாதிரி, என்று மிர்தோ கேட்டாள். கித்னோஸ் தீவின் தெற்கே ஒரு குடாவில் பென்சிலை வைத்தேன். கோடையில் வடகாற்று அடிக்கும்போது அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது, தொட்டிலில் போட்டதுபோல இருக்கும். அக்டோபரில் காற்று தெற்கே திரும்பினால் அது திறந்து வைத்த வாய். லாவ்ரியோவில் மீன் விற்கிறவளுக்குக்கூட இது தெரியும்.

"தெக்குக் காத்து வந்தா?" என்று சரந்திஸ் கேட்டான்.

"வந்தா அக்டோபர் கடைசியிலதான் வரும். அடியில நல்ல மணல். நங்கூரம் பிடிச்சா விடாது."

அவன் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "நீங்க சொன்னா சரிதான்" என்றான்.

அப்போது நான் எதையும் முடிவு செய்யவில்லை. காற்று வரலாம், வராமலும் போகலாம். கதவைத் தாழ் போடாமல் விட்டேன், அவ்வளவுதான். மறுமுறை வந்தபோது மிர்தோ எனக்குப் பிஸ்தாப் பருப்பு வைத்த இனிப்பு வாங்கி வந்தாள். எத்தனை மீட்டர் சங்கிலி விடுவது, ரொட்டிக்கு எந்தக் கடை என்று ஒன்று விடாமல் குறித்துக்கொண்டாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இனிப்பும் நன்றாக இருந்தது.

அக்டோபர் பதினேழாம் தேதி காலை பத்தேகாலுக்கு அவள் போன் செய்தாள். எட்டு மணிக்கே வானிலை அறிவிப்பு என் மேசைக்கு வந்திருந்தது: மதியம் முதல் தெற்கிலிருந்து பலத்த காற்று, வேகம் எட்டு, சின்னப் படகுகள் வெளியே நிற்கக் கூடாத அளவு.

"எவந்தியாம்மா, வானொலில எட்டுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. இங்க சரியாக் கேக்கல. நெட்டும் வரல. கெளம்பிடவா?"

"அது கிரீட் பக்கத்துக்கு. உங்களுக்கு அஞ்சுதான், மத்தியானமே அடங்கிடும். இன்னும் இருபது மீட்டர் சங்கிலி விடு."

"இங்கயே இருக்கறது நல்லதுங்கறீங்களா?"

"ஆமா கண்ணு" என்றேன்.

அதே தீவின் லூத்ரா துறைமுகம் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டுக்குள் படகைக் கட்டியிருப்பார்கள். நீங்கள் இரண்டு தடவை கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். ஆமாம், நேரம் இருந்தது.

மதியம் வழக்கம்போலப் பயற்று சூப் சாப்பிட்டேன். மூன்று மணிக்குச் செய்தி வந்தது. நங்கூரம் மணலை உழுதுகொண்டே வந்திருக்கிறது. அதைத் தூக்க மிர்தோ படகின் முனைக்குப் போயிருக்கிறாள். ஓர் அலை அவளைப் படகுக்கும் பாறைக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தது. அரெதிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. சரந்திஸை ஆடு மேய்க்கிற ஒருவர் கரைக்கு இழுத்துப் போட்டார்.

அவன் பிழைத்துக்கொண்டான் என்றதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் அது சரியாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இதுதான் பொருத்தம். இறந்துபோனால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. உயிரோடு இருந்தால்தான் காலையில் எழுந்து இரண்டு பேருக்கு மட்டும் காபி போடுவான்.

நீங்கள் முதல் தடவை விசாரித்தபோது, கிளம்பச் சொன்னேன், அவர்கள்தான் இருந்துவிட்டார்கள் என்றேன். அன்று அவன் சொன்ன அதே பொய். அவன் பயத்தில் சொன்னான். நான் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ரசித்துச் சொன்னேன். அவனோ உங்களிடம், இருந்தது என் முடிவு, வேறு யாரும் பொறுப்பில்லை என்று சொல்லியிருக்கிறான். போனில் பேசியதை மகள் அவனிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

நேற்று மிர்தோவுக்கு நாற்பதாம் நாள். கோயிலில் கொடுத்த இனிப்புக் கோதுமையை, மேலே மாதுளை முத்து தூவி, ஒரு காகிதப் பையில் எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தான். கைப்பையை எடுத்து நாற்காலி ஒழித்துக் கொடுத்தேன். உட்கார்ந்தான்.

"ஒங்கள மொத நாளே தெரிஞ்சுது" என்றான். "நிகிதாஸோட அக்கான்னு."

மேசையில் கிடந்த ரசீதுகளை அடுக்கினேன்.

"போன வருஷம் மிர்தோகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கெளம்பி வாடான்னு நான்தான் சொன்னேங்கறதையும். ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அப்புறம் அவதான் ஒங்களத் தேடிக் கண்டுபிடிச்சா. அந்தம்மா கையாலயே பயணத்த எழுதி வாங்குவோம், திரும்பிக் கரையேறினதும் நீ அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுன்னா. முன்னாடியே சொன்னா எங்கள வெளிய அனுப்பிடுவீங்கன்னு பயந்தேன்." காகிதப் பையின் வாயை மடித்துவிட்டான். "அந்தக் குடா தப்புன்னு எனக்குப் பட்டுது. ஒங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேச எனக்கு என்ன யோக்கியதைன்னு சும்மா இருந்துட்டேன். பிள்ளையக் கொன்னது நான்தான்."

பையை மேசையில் வைத்துவிட்டுப் போனான். கோதுமையைத் தொடவில்லை. அதில் எனக்கு வீம்பு ஒன்றும் இல்லை, பசிக்கவில்லை.

அவன் தன்னைப் பழி சொல்லிக்கொள்கிறான். ஊர் கடலைச் சொல்கிறது. இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் இன்று காலை உங்கள் கடலோரக் காவல் நிலையத்துக்கு வந்தேன். செய்தது நான், தெரிந்து செய்தேன், எந்த மணிக்குச் செய்தேன் என்பது வரை அவன் கைக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மற்றபடி அவன் சொன்ன கதையை நான் நம்பவில்லை. இருபத்தோரு வருஷம் வாய் திறக்காதவனுக்குத் திடீரென்று மன்னிப்பு ஞாபகம் வராது. அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்திருந்தால் அந்தப் பெண்ணாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அன்று நான் போனை வைக்கும்போது, "எவந்தியாம்மா, இன்னொரு விஷயம், அப்பா ஒங்ககிட்ட..." என்று ஏதோ ஆரம்பித்தாள். எதிரே ஆட்கள் காத்திருந்தார்கள். வைத்துவிட்டேன்.