டவுன் லோடு கேட்ட செபஸ்தியான் அவர்களுக்கு

சேலத்துச் சரக்கு வண்டிகளுக்கெல்லாம் திசை சொன்ன செம்மலே! கோபத்தைக் குரலில்கூடக் காட்டாத குணக்குன்றே! எதைக் கண்டாலும் 'இது என்ன' என்று கேட்டுக் கேட்டு, எங்கள் அறிவையும் பொறுமையையும் ஒருசேர வளர்த்த கேள்விக் கடலே! எங்கள் லாரி புக்கிங் அலுவலகத்தின் மூத்த எழுத்தர், அஸ்தம்பட்டி திருமிகு செபஸ்தியான் அவர்களே! பணி நிறைவு காணும் இந்நன்னாளில், உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல் இது. தங்கள் பெருமையைத் தாங்களே அறியமாட்டீர்கள் என்பதால், அவையோர் கேட்க அதைக் கதையாகவே சொல்கிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாய்ச்சொல்லாலேயே வண்டிகளை நடத்தியவர் செபஸ்தியான். எந்தச் சரக்கு, எந்த ஊர், எந்தக் கிடங்கு என்பதை ஓட்டுநர்களுக்குப் போனில் அவரே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட அலுவலகத்துக்குள் சென்ற ஆண்டு ஒரு செயலி புகுந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க நியமிக்கப்பட்ட தனப்பிரியா, முதல் நாள் பேருந்தில் வரும்போதே போன் செய்து, டவுன்லோடு பண்ணி வைக்கும்படி சொன்னார். செபஸ்தியான் சொல் தட்டாதவர். தனப்பிரியா வந்து இறங்கியபோது வாசலில் ஒரு லாரி பின்கதவைத் திறந்துகொண்டு நிற்க, சுமைதூக்குவோர் தலைத்துண்டு கட்டித் தயாராக இருந்தார்கள்.

"டவுன் லோடுன்னா, டவுனுக்குள்ள எந்தக் கடைக்குங்க சாமி?" என்று கேட்டார் செபஸ்தியான்.

அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. வேறொருவர் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இவரோ விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது எங்கிருந்து இறங்குகிறது, இங்கே இறங்கிய பிறகு அங்கே சரக்கு குறையுமா என்று ஆரம்பித்தார். தனப்பிரியா அதை விசாரித்து மறுநாள்தான் சொன்னார். கரண்டி போல இருக்கும் படம் எதற்கு, வரைபடத்தில் வண்டிக்குப் பதிலாக ஊரும் புள்ளிக்குத் தன்னைப் பார்ப்பது தெரியுமா, அழித்த சேதி எந்த ஊருக்குப் போகிறது என்று அவர் துளைத்தெடுத்ததில், அதுவரை எல்லாம் தெரிந்ததுபோல் நடித்துக்கொண்டிருந்த நாங்களும் கற்றுக்கொண்டோம். கரண்டி என்று அவர் சொன்னது மைக்.

பிறகு முதலாளி நவநீதகிருஷ்ணன் ஓர் உத்தரவு போட்டார். இனி எல்லாத் தகவலும் செயலியில்தான். போனில் வழி சொல்லும் எழுத்தருக்கு நாற்காலி இல்லை. செயலியைப் பார்த்து ஓட்டாத ஓட்டுநருக்கு வண்டி இல்லை. எல்லோரும் தலையாட்டினோம். செபஸ்தியான் மட்டும் ஓர் ஓட்டுநரை நினைத்துக் கவலைப்பட்டார். ஓட்டுநர் செங்கோடனுக்குக் கையெழுத்துப் போட வருமே தவிர, படிக்க வராது. அது செபஸ்தியான் ஒருவருக்குத்தான் தெரியும். செங்கோடன் வெட்கப்படக் கூடாதே என்று, எல்லா ஓட்டுநர்களின் சீட்டையும் இத்தனை காலம் உரக்கப் படித்து வந்தவர் அவர்.

பயந்த நாள் வந்தது. மாட்டுத்தீவனம் ஏற்றி மேச்சேரிக்குக் கிளம்பிய செங்கோடனின் வண்டியைத் திருச்செங்கோட்டுக்குத் திருப்பவேண்டி இருந்தது. செபஸ்தியான் ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டி அனுப்பினார். சேதி பார்க்கப்பட்டதாகத் திரை சொன்னது. புள்ளியோ ஓமலூரில் போய் நின்றுகொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அங்கே ஒரு மனிதர் புரியாத எழுத்தைப் பார்த்துக்கொண்டு தவிப்பது இவருக்கு இங்கே தெரிந்தது. போனை எடுத்தால் இருவர் பிழைப்பும் போகும். அப்போதுதான் செயலியில் இருந்த அந்தக் கரண்டிப் படத்தை அழுத்திப் பேசி, குரலையே சேதியாக அனுப்பினார்.

"செங்கோடா, மேச்சேரி வேண்டாம். வண்டியத் திருப்பிக்கிட்டுத் திருச்செங்கோடு போ, சாமி."

புள்ளி திரும்பியது. பின்னால் நின்று பார்த்த முதலாளி, எழுதி அனுப்பியாயிற்றே, பேச்சு எதற்கு என்றார். செங்கோடனைக் காட்டிக்கொடுக்காமல் செபஸ்தியான் சொன்னார்: "வண்டி ஓட்டறவன் கண்ணு ரோட்டுல இருக்கோணுமுங்க. காது சும்மாத்தானே இருக்குது."

முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து எழுத்தும் குரலும் சேர்ந்தே போகவேண்டும் என்பது அலுவலக வழக்கம். செங்கோடன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி எழுத்தின்மேல் விரலை ஓட்டுவார். அவருக்கு முதலில் பிடிபட்ட ஊர் திருச்செங்கோடு. தான் கையெழுத்தாகப் போடும் பெயர் அந்த ஊருக்குள்ளேயே இருப்பதைக் கண்டு அசந்துபோய், தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாகச் செபஸ்தியானிடம் கேட்டார். கேள்வி கேட்பவரை அவருக்குப் பிடிக்காமல் போகுமா? இதையெல்லாம் மறைக்காமல் எழுதவேண்டும் என்று எங்களிடம் பிடிவாதம் பிடித்தவரும் செங்கோடன்தான்.

அன்பிற்குரியவரே! ஆண்டவர் அருளால் நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழ்க! வீட்டில் உள்ளவர்களைக் கேள்வி கேட்டே திணறடித்து மகிழ்க! தங்களைப் பிரிவது எங்களுக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது. மடலைத் தனப்பிரியா எழுதினார். இவ்வளவு நேரமும் இந்த மேடையில் நின்று, எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் தங்களுக்கு வாசித்தவர் செங்கோடன்.

நெஞ்சம் நிறைந்த நன்றியுடன்,
ஓட்டுநர்கள், சுமைதூக்குவோர், அலுவலகப் பணியாளர்கள்
சேலம்