மெசினுக்குத் தெரியாத புள்ளி

நாகலெட்சுமி: உள்ள வாங்க கிளாக்கரய்யா. ஆபீஸ் ஆளு லயத்து வீட்டு வாசல்ல நின்னா நாலு பேரு பாப்பாங்க.

பேரின்பநாயகம்: பாக்கட்டும். உன்ரை மனிசன் செத்த விசயமாத்தான் வந்தனான். நாளைக்கு விசாரணையிலை நான் உண்மையைச் சொல்லப்போறன்.

நாகலெட்சுமி: என்னாத்த சொல்லப் போறீங்க? தேயிலைக்கு மருந்தடிச்சாரு, வாந்தியெடுத்தாரு, போய்ட்டாரு.

பேரின்பநாயகம்: மருந்து கூடிப்போச்சு பிள்ளை. ஆபீசுக்குப் புதுசா ஒரு கணக்கு மெசின் வந்ததெல்லே...

நாகலெட்சுமி: கைப்பிடியச் சுத்துவாங்களே, அதா? ஆபீஸ் கூட்டப் போனப்ப பாத்தேன்.

பேரின்பநாயகம்: அதுதான். அது இலக்கத்தை மட்டும் காட்டும். தசமப் புள்ளி எங்கை எண்டு நாங்கள்தான் மனசிலை வச்சிருக்கோணும். ஒரு பீப்பாய்த் தண்ணிக்கு எவ்வளவு மருந்து எண்டு தோட்டத்துச் சின்னதுரைதான் சுத்தினவர். ரெண்டும் அஞ்சும் வந்தது.

நாகலெட்சுமி: அப்புடின்னா?

பேரின்பநாயகம்: ரெண்டரை அவுன்ஸ். அவர் இருபத்தஞ்சு எண்டு ஸ்டோருக்குச் சொல்லிப்போட்டார். புது மருந்து... அங்கை ஒருத்தருக்கும் அளவு தெரியாது.

நாகலெட்சுமி: ...பத்து மடங்கு.

பேரின்பநாயகம்: ஓம்.

நாகலெட்சுமி: நீங்க பக்கத்துல இருந்தீங்களா?

பேரின்பநாயகம்: இருந்தனான். "சேர், புள்ளி..." எண்டு தொடங்கினனான். மெசின் பிழை விடாது, நீ உன்ரை வேலையைப் பார் எண்டார்.

நாகலெட்சுமி: பாத்தீங்களாக்கும். ஒங்க சன்னலுக்கு நேராத்தானய்யா மருந்து வாங்கிட்டுப் போனாரு. ஒரு கை காட்டியிருந்தா நின்னிருப்பாரே.

பேரின்பநாயகம்: அதுதான் எனக்கு நித்திரை இல்லை. வேலை போனாலும் சொல்லுறன். உன்ரை மனிசன் சோலைமலை குடிச்சிட்டு மருந்தடிச்சவன் எண்டெல்லோ துரைமார் கதை கட்டுகினம். அவன் குடிக்கிறவனே?

நாகலெட்சுமி: ஒரு சொட்டு தொட்டதில்ல.

பேரின்பநாயகம்: அதை நீயும் வந்து சொல்லு. ரெண்டு பேரும் சொன்னா...

நாகலெட்சுமி: வேணாங்கய்யா. நீங்களும் சொல்லாதீங்க.

பேரின்பநாயகம்: என்ன கதைக்கிறாய்? உனக்காகத்தானே வந்தனான்.

நாகலெட்சுமி: வட்டகொடையில ரயிலேறினா ஒங்களுக்கு ஊர்ல ஒரு வீடு இருக்கு.

பேரின்பநாயகம்: பயப்பிடாதை. நான் இருக்கிறன்.

நாகலெட்சுமி: நேத்து இருந்திருந்தா சரி... காலையில பெரியதொர கூப்புட்டு விட்டாரு. ரெண்டு புள்ளைங்களோட லயத்துக் காம்பராவ விட்டு எறங்குறியா, இல்ல ஒம் புருசன் குடிச்சிருந்தான்னு சொல்றியான்னு கேட்டாரு. நான் சொல்லிட்டேங்கய்யா.