பில் கலெக்டர் யேசுதாஸ் விட்டுச் சென்ற வரி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என்னை ஐந்தே நிமிடத்தில் பேசி முடிக்கச் சொல்லியிருக்கும் மருதந்தாங்கல் டவுன் பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலம் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் கரி படிந்த சட்டையோடு வந்து நிற்கும் தொழிலாளத் தோழர்களே! மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கணவரை இழந்து, முன்வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் ரோசம்மாள் அண்ணி அவர்களே! ஏழாவது வார்டு உறுப்பினன் மாரியப்பனின் வணக்கம்.

ஐந்து நிமிடம் போதாது தலைவரே. இந்த மேடைக்கு நான்கு படி ஏறுவதற்கே என் காலுக்கு ஒரு நிமிடம் போய்விட்டது!

இந்தக் காலை ஒடித்தது யார்? என்னைக் கேட்டால் லாரி என்பேன். ஆனால் நாம் போன செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்துவிட்டு வந்தோமே, நம் யேசுதாஸ் அண்ணன், அவர் மட்டும் மூச்சு நிற்கும் வரைக்கும் "நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஏன் என்று சொல்லத்தான் ஏறினேன்.

இருபத்திரண்டு வருஷம் நம் பஞ்சாயத்தின் பில் கலெக்டர். வீட்டு வரி வாங்குவார், சைக்கிள் வரி வாங்குவார். சைக்கிள் வரி கட்டினவனுக்கு வருஷத்துக்கு ஒரு தகர வில்லை கிடைக்கும், அதை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டாத வண்டி பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்விடும். ஜி.என்.டி. ரோட்டில், ஏரி மதகுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் அந்தக் காக்கிப் பை தெரிந்தால் போதும், நாம் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலில் இறங்கி ஓடுவோம். இங்கே அவரைத் திட்டாதவர் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! ஒரு கையும் எழவில்லை. அவர் படத்துக்கு முன்னால் பொய் சொல்லாத ஊர்தான் நம் ஊர்.

அறுபத்தெட்டாம் வருஷம், தை மாதம். காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வில்லை எங்கடா?"

"கட்டிட்டேன் சார். வில்லை கொழந்த இடுப்புல கீது."

உண்மை அதுதான். புது வில்லை பளபளவென்று இருந்தது. கண் படாமல் இருக்கும் என்று என் மனைவி செங்கம்மாள் அதை எங்கள் கன்னியம்மாவின் அரைஞாணில் கோத்துவிட்டாள். தூங்குகிற பிள்ளையின் இடுப்பிலிருந்து அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் மாட்டிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

"கொழந்தைக்கு இன்னாடா சைக்கிள் வரி? ஊட்டுக்குள்ள வண்டி ஓட்டுதா அது?" என்று சொல்லி வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

கம்பெனி கேட்டுக்கு இன்னும் ஒன்றரை மைல். நடந்தேன். அந்த ரோட்டில் நடக்க இடம் ஏது? தார் முடிகிற இடத்தில் பள்ளம், பள்ளம் முழுக்கக் கருவேல முள். தார் லாரிக்கு, முள் நமக்கு! முள்ளுக்குப் பயந்து ஒரே ஒரு அடி தாரின் மேல் வைத்தேன். கம்பி ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் யேசுதாஸ் அண்ணன் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வண்டியில் ஏறி உட்காரக் கூசி, ஆபீஸிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா தத்தித் தத்தி வாசலுக்கு வந்தாள். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. அரைஞாணில் வில்லை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் குழந்தையைப் பக்கத்தில் இழுத்தார். வில்லையைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்த நம்பருக்கு நேரே என் பெயர் இருந்தது. அவர் கையெழுத்திலேயே இருந்தது!

"வரி கட்டிக்கீறியே மாரியப்பா... கட்டிக்கீறியே" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்து தேம்பினார்.

நான் என்ன செய்தேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊன்றுகோலைத் தூக்கி அவர்மேல் எறிந்தேன். அவர் எழுந்து, அதைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, என் கையிலேயே திரும்பக் கொடுத்தார். அன்றைக்கு அவரைப் பிடித்துப்போனது என்று சொன்னால் பொய். அதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அந்த மாதப் பஞ்சாயத்துக் கூட்டம். பில் கலெக்டருக்கு அங்கே பேச உரிமை உண்டா? கிடையாது. எழுந்து, மாத வசூலைப் படித்துவிட்டு உட்கார வேண்டும். அண்ணன் படித்தார். வீட்டு வரி இவ்வளவு, சைக்கிள் வரி இவ்வளவு. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "வரி கட்டினவங்க போவறதுக்குப் பாதை இல்லை."

சபையே சிரித்தது. அதை அடித்துவிடச் சொன்னார்கள். அவர் அடிக்கவில்லை. அடுத்த மாதமும் படித்தார். அதற்கடுத்த மாதமும் படித்தார். "இன்னாய்யா யேசுதாசு, மாசாமாசம் இதே பேஜாரா!" என்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொள்வார். யார் என்று நான் சொல்ல மாட்டேன், தலைவர் சிரிக்கிறார் பாருங்கள்! ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு 'பாதையில்லை சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோபித்துக்கொண்டாரா? கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்!

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததும் அரிவாளோடு ரோட்டோரத்துக்குப் போவார். முள் வெட்டுவார். அப்படி ஒரு நாள் மீன்கூடையோடு போன கெங்கம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள். அதோ, தூணோரம் நிற்கிறாள், கேட்டுப் பாருங்கள். "பஸ்ஸுல கூடைய ஏத்த மாட்டேன்றான். ரோட்டுல லாரி இடிக்க வருது. நாங்க இன்னா, பறந்தா போவறது நைனா?" என்று கேட்டாள். அண்ணன் அதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டு போய் மறுமாதம் சபையில் படித்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த வருஷ பட்ஜெட்டில்தான், ஸ்டேஷனிலிருந்து ஏரி மதகு வரைக்கும், நடக்கிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் நாலடிச் சரளைப் பாதைக்குப் பணம் ஒதுக்கினோம். காலை ஷிப்டுக்கு ஒரு பஸ் வேண்டும், அதில் கூடை ஏற வேண்டும் என்று நாம் எழுதிக் கேட்டதும் அந்தக் கூட்டத்தில்தான். அந்த பஸ் இன்றைக்கும் ஓடுகிறது.

பாதை வந்துவிட்டது, இனி அண்ணன் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தோம். அடுத்த கூட்டத்தில் எழுந்தார். "மதகு வரைக்கும் பாதை இருக்குது. அதுக்கு அப்பால இல்லை." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருஷமாக அதையே படித்தார். அதற்குள் நானும் உறுப்பினன் ஆகிவிட்டேன். கால் போனவன். எழுந்து ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. வந்த வரைக்கும் போதும் என்று இருந்துவிட்டேன். ஏனென்றால் என் வீடு மதகுக்கு இந்தப் பக்கம்! அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை அவரைச் சுமந்துகொண்டு போனோம். மதகு வரைக்கும் அவர் வாங்கிக் கொடுத்த பாதை. பெட்டி ஆடவில்லை, அலுங்கவில்லை. கல்லறைத் தோட்டமோ மதகுக்கு அப்பால். தாரில் ஏறினோம். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. ஒதுங்க இடமில்லை, முள்ளின்மேல் பெட்டியை இறக்கினோம். தூக்கினோம். மறுபடி லாரி, மறுபடி இறக்கினோம். ரோசம்மாள் அண்ணி ஓடி வந்து, லாரிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் முறையும் இறக்கினோம். ஊருக்கெல்லாம் வழி கேட்ட மனிதனுக்குக் கடைசியாகப் போக வழி இல்லை அய்யா!

பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் நம் தலைவர். மூன்றாம் முறை இறக்கியபோது, தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு என்னிடம் சொன்னார்: "மாரியப்பா, செத்தும் உட மாட்றான்யா இவன்."

விட மாட்டார் தலைவரே. நாங்களும் விட மாட்டோம். வருகிற இருபத்தெட்டாம் தேதி பட்ஜெட் கூட்டம். யேசுதாஸ் வசூலித்த வரியெல்லாம் பஞ்சாயத்து கஜானாவில் இருக்கிறது. அவர் நமக்கு விட்டுச் சென்றது ஒரே ஒரு வரி. அதைப் படிக்க இனி அவர் வரமாட்டார். பாதை கம்பெனி கேட் வரைக்கும் போய்ச் சேருகிற நாள் வரை மாதந்தோறும் நான் எழுந்து படிப்பேன். நான் போய்விட்டால் அந்தப் பிள்ளை, அரைஞாணில் வில்லை கட்டியிருந்த கன்னியம்மா, வளர்ந்து வந்து படிப்பாள்.

இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அண்ணன் படத்தின் முன்னால், உங்கள் தோளில் அந்த வலி இருக்கும்போதே, இந்த மாதத்து வரியை இப்போதே படித்துவிடுகிறேன் தலைவரே.

மதகு வரைக்கும் பாதை இருக்குது. அதுக்கு அப்பால இல்லை.