ஊசிக்கு அடங்கலியாம்

ஜெபா: பொன்னேரி வந்தா நான் எறங்கிக்கிறேன். நீ இதே ட்ரெய்ன்ல ஆஸ்பத்திரிக்குப் போய்டு.

மோசஸ்: வெளையாடுறியா? பொண்டாட்டிய இட்டுனு வந்தாதான் பேசுவேன்னு டாக்டர் சொல்லிகீறாரு.

ஜெபா: அதுக்குதான்யா பயம்... எம் மூஞ்சப் பாத்தே கண்டுபுடிச்சுடுவாரு.

மோசஸ்: இன்னாத்த?

ஜெபா: ஒண்ணுமில்ல வுடு.

மோசஸ்: ஆரம்பாக்கத்துல ஏறுனதுலேர்ந்து ஒரு மாதிரியாதான் கீற. சொல்லு.

ஜெபா: புராஸ்டேட் கேன்சரு, ஊசி போட்டா அடங்கும்னாங்க. மொதல்ல அடங்குச்சு. இப்ப ரத்த டெஸ்ட்டுல கேன்சரு அளவு மறுபடியும் ஏறிக்கினே போவுதே... ஏன்னு யோசிச்சியா?

மோசஸ்: நான் இன்னா டாக்டரா? மில்லுல கம்பி புடிக்கிறவன்.

ஜெபா: என்னாலதான்யா.

மோசஸ்: இன்னா ஒளர்ற?

ஜெபா: அந்த ஊசி ஆம்பள ஹார்மோன நிறுத்துதாமே. நீ சும்மா ஒக்காந்தாலே வேர்த்துக் கொட்டி, தெம்பத்துப் போயி, செவுத்தப் பாத்துக்கினு அழுத. எனக்கு மனசு தாங்கல. பொன்னேரி வைத்தியரான்ட போயி ஒரு லேகியம்...

மோசஸ்: கேவுரு களி உருண்டைக்குள்ள வெச்சு டிபன் பாக்ஸுல அனுப்புனியே, அதா?

ஜெபா: ...உனக்குத் தெரியுமா?

மோசஸ்: மில்லு பொகையத் தாண்டி நாறுச்சே!

ஜெபா: சிரிக்காதய்யா! ஆம்பளத் தெம்புக்குன்னு கேட்டு வாங்குனேன். டாக்டர் எத நிறுத்துனாரோ, அதயே நான் ஊட்டி வுட்டுகீறேன். அந்த வைத்தியரு சட்டையப் புடிச்சு, அதுல இன்னா போட்டன்னு கேக்கணும்.

மோசஸ்: ஒக்காரு.

ஜெபா: கைய வுடு, ஸ்டேஷன் வந்துட்ச்சு.

மோசஸ்: ஜெபா... ஒரு உருண்டகூட நான் துன்னல.

ஜெபா: பொய்யி. டப்பா காலியாதானே வரும்?

மோசஸ்: கிரேன் ஓட்ற குப்புராஜு துன்னான். அவன் தெம்பாதான் கீறான்.

ஜெபா: ச்சீ... சத்தியமா?

மோசஸ்: பைபிள் மேல.

ஜெபா: ஸ்தோத்திரம் ஆண்டவரே... எத்தினி நாளா செத்துச் செத்துப் பொழச்சேன் தெரியுமா! என்னால இல்ல... அப்போ... அப்போ ஊசி ஏன்யா கேக்கல?

மோசஸ்: மொதல்ல வண்டி கெளம்பட்டும்.

ஜெபா: யோவ், வண்டி கெளம்பிட்ச்சு, நான் எறங்கல. தலைய நிமித்திப் பேசு.

மோசஸ்: கட்டியிலேர்ந்து சதை எடுத்துனு போனாங்களே... ரிசல்ட்டு போன மாசமே வந்துட்ச்சு. கட்டிய வளர வுடாம அடக்கி வெக்கிற ஜீனு ஒண்ணு கீதாம். என் கட்டியில அது அழிஞ்சே போச்சாம். ஹார்மோன நிறுத்துனாலும் அது பாட்டுக்கு வளருதாம். இனிமே கீமோதான்... அதுவும் எவ்ளோ நாள் தாங்கும்னு அவருக்கே தெரியல.

ஜெபா: போன மாசமேவா? அதச் சொல்லத்தான் டாக்டர் என்ன வரச் சொன்னாரா?

மோசஸ்: அவரு கூப்புடலடி... நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கன்னு நான்தான் கெஞ்சினேன். உம் மூஞ்சப் பாத்து சொல்ல எனக்கு வாய் வரல.