ஒரு யூனிட்கூட ஓடாத குளிர்காலம்

தக்காளி விதைக்குக் குளிர் ஆகாது சார். இந்த மலையூரில் குளிர்காலம் முடியப்போகிற சமயத்தில் வீட்டுக்குள்ளேயே தட்டில் விதைத்து, அடியில் இளஞ்சூடு கொடுத்து முளைக்க வைத்தால்தான், வெயில் வந்ததும் தோட்டத்தில் எடுத்து நட முடியும். இதையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் வந்து சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

நான் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பார்த்து, ஆளில்லாத அறையில் எரிகிற விளக்கைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். பூமி தாங்காது, தாங்காது என்று எல்லோரும் வாய் கிழியப் பேசுகிறார்கள், ஒருவரும் எழுந்துபோய் ஒரு சுவிட்சை அணைப்பதில்லை. நான் செய்து காட்டலாம் என்று நினைத்தேன். கூரையில் சோலார் பலகை, மாடிப்படிக்குக் கீழே பேட்டரி. காய்கறித் தோல் உரக்குழிக்கு, குளித்த தண்ணீர் செடிக்கு. போன குளிர்காலம் தொடங்கியதும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு பசுமைக் குழு உண்டு. அதன் கூட்டத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் எழுந்து, "வெளிக் கரண்ட் ஒரு யூனிட்கூட எடுக்காம இந்தக் குளிரைத் தாண்டப்போற ஒரே வீடு இவரோடதுதான்" என்றார். கை தட்டினார்கள். அதற்கு முன் எனக்காக யாரும் கை தட்டியதில்லை சார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டைப் பார்க்க வருவதாகவும், நான் ஆளுக்குக் கொஞ்சம் தக்காளி நாற்று கொடுப்பதாகவும் பேச்சாயிற்று.

வீட்டில் அக்கா இருந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தது அவள்தான். கடைசிப் படியில் தொங்குகிறவனுக்கும் கேட்கிற தொண்டை அவளுக்கு. நுரையீரல் கெட்ட பிறகு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அதனால் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் அடித்த மாதிரியேதான். ஒரு விசில் என்றால் நிறுத்து, அதாவது நான் கைவேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு என்றால் போகலாம், அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

அவளுக்கும் குளிர் ஆகாது. அறையில் ஹீட்டர் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் அடித்த நாளெல்லாம் ஓடியது, நான் குறை வைக்கவில்லை. அந்த வாரம் பார்த்து மேகம் கவிந்துகொண்டது. பேட்டரியில் மிஞ்சியதில் ஹீட்டரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் துடைத்து எடுத்துவிடும். நாற்றுத் தட்டுக்கு அடியில் விரித்திருந்த கரண்ட் விரிப்பைப் போட்டால் விடியும்வரை தாங்கும். ஹீட்டரை அணைத்தேன். அவள் கம்பளிக்கு மேல் என் கம்பளியையும் போர்த்தினேன்.

"ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா, வெயில் வந்துடும்."

"மெயினைப் போடேன்டா."

"ஞாயித்துக்கிழமை அவங்கல்லாம் வராங்கக்கா. மொதல்ல மீட்டரைத்தான் பாப்பாங்க."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "சரிப்பா பெரிய விவசாயி. சீட்டை உன் செடிக்கே குடு. நான் ஸ்டாண்டிங்லயே வரேன்."

அவளே சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இலை விரிந்திருந்தது. ஒரு விசில் கேட்டது. கையெல்லாம் மண், கழுவிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கழுவவில்லை. அப்புறம் இன்னொரு விசில், காற்றுதான் அதிகம், சத்தம் குறைவு. இரண்டு விசில் ஆயிற்று, அப்படியானால் போகலாம் என்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சார், முதல் விசிலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான் ஒரு தட்டு முழுக்கத் தண்ணீர் தெளித்து முடித்திருந்தேன். அது அடுத்தடுத்து அடித்த விசில் இல்லை. எனக்குத் தெரியும். அறைக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்தால் மெயினைப் போட்டுவிடுவேன் என்பதும் தெரியும். அதனால்தான் போகவில்லை. மெயின் சுவிட்ச் நான் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். அப்புறம் விசில் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

காலையில் அறைக் கதவைத் திறந்தபோது என் மூச்சு புகையாகத் தெரிந்தது. அக்காவின் உதட்டில் விசில் இருந்தது. டாக்டர் உள்ளே வந்தால் இந்தக் குளிரைக் கண்டுபிடித்துவிடுவாரே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. மெயினைப் போட்டேன். ஹீட்டரை முழுசாக வைத்து, அறை நன்றாகச் சூடேறும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு டாக்டருக்கு போன் செய்தேன்.

அவர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "ரூமை இவ்வளவு கதகதப்பா வச்சிருக்கீங்க. இதுக்கு மேல ஒரு தம்பி என்ன செய்ய முடியும்?" நான் தலையாட்டினேன்.

அந்த நாற்றைத் தெருக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். எல்லோர் வீட்டிலும் காய்த்துத் தொங்குகிறது. போன வாரம் டீச்சர் ஒரு கூடைத் தக்காளி கொண்டுவந்து, "உங்க நாத்துதான். அக்காவுக்குத்தான் சாப்பிடக் குடுத்து வைக்கல" என்றார். ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. கூடையோடு அழுகிக்கொண்டிருக்கிறது. உரக்குழியில் கொட்டக்கூட மனசு வரவில்லை. அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

இதுதான் அந்த விசில், வைத்துக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றில் டாக்டர் வயசு, நுரையீரல் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். அக்காவைக் கொன்றது நான். ஒன்று மட்டும் பிசகில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார், மீட்டர் ஓடியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தெருவில் வேறு மாதிரி பேசுகிறார்கள். நான் மெயினைப் போட்டது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அக்கா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் வெளிக் கரண்ட் ஒரு யூனிட்கூட ஓடவில்லை.